சாவி கொடுத்தால் குடித்தனம் ஆகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு கிடைத்தவர்கள் சாவி வாங்கும் படம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. அன்று ராத்திரி அவர்கள் எதை விரித்துப் படுத்தார்கள் என்று எங்கும் படித்ததில்லை. சென்னையின் தெற்கே, அப்படிப்பட்ட அரசுக் குடியிருப்பு உள்ள பெரும்பாக்கத்தில் குடியிருப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து வந்தவர்கள் நாங்கள். குடிசைதான் என்றாலும் கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாம் லாரியில் கூடவே வந்தன. எங்கள் மாடிக்கு அப்புறம் வந்த ஒரு குடும்பம் பாரிமுனைப் பக்கம் நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு கோணிப்பை, ஒரு பிளாஸ்டிக் குடம், சுருட்டிய ஃபிளெக்ஸ் பேனர், அவ்வளவோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அங்கே கூரையாக இருந்த பேனர் இங்கே பாய் ஆனது. பால் காய்ச்ச என் அடுப்பைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். நடைபாதையில் மூன்று கல் வைத்துச் சமைத்துவிடலாம்; மாடி வீட்டில் முடியுமா? காலை டீ முதல் ராத்திரி இட்லி வரை கடையில்தான். பூ விற்ற காசு அதிலேயே கரைந்தது.

பிறகு தவணைக்காரர் வந்தார். கட்டில், மிக்சி, ஃபேன். தவணை கட்டக் குழுக் கடன், அதை அடைக்க இன்னொரு குழு. எட்டாவது மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். பிழைப்பு 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்ததும் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அதே பக்கத்திலிருந்து வந்த இன்னொரு குடும்பத்துக்குக் கீழ்மாடியில் இருந்த சொந்தக்காரர்கள் அடுப்பு, பாத்திரம், ஒரு பழைய மேசை கொடுத்தார்கள். அந்த அம்மா விடியற்காலை பஸ் பிடித்துக் கோயம்பேடு போய்ப் பூ வாங்கி வருகிறார். பெண் அந்த மேசையில் படிக்கிறாள். இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

2006-இல் கலர் டிவி, 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று வீடுதோறும் கொடுத்த மாநிலம் இது. எல்லாம் ரேஷன் கார்டைப் பார்த்து. முகவரியே இல்லாதவர்களுக்குக் கார்டு ஏது? இப்போது முகவரி இருக்கிறது, திட்டம்தான் இல்லை. பெண்ணைத் தனிக்குடித்தனம் வைக்கிறோம் என்றால் அரிவாள்மனை வரை பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுக்கிறோமே! சாவியோடு கேஸ் இணைப்பு, ஒரு ஃபேன், பாய், பாத்திரம், துணி வைக்க ஒரு அலமாரி கொடுக்க அரசுக்கு எவ்வளவு ஆகிவிடும்?

பக்கத்திலேயே ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) அபார்ட்மெண்டுகள். வேலை மாறி ஊர் போகிறவர்கள் நல்ல கட்டிலையே விட்டுவிட்டுப் போகிறார்கள். பழைய சோபா, கட்டிலை எடுத்துப்போகச் சனிக்கிழமைகளில் மாநகராட்சி வண்டி வருகிறது. அதில் தேறுவதை இந்தப் பக்கம் திருப்பிவிடலாம். (மூட்டைப்பூச்சி மெத்தை வேண்டாம், சரியா?) ஒரு கோடவுன், ஒரு டெம்போ இருந்தால் போதும். ஏற்றி இறக்க எங்கள் பிளாக் பையன்களே வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரும்பாக்கம்