பார்வையாளர் கூச்சலும் நடுவரின் கொடியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராமத்துக் கபடிப் போட்டிகளில் நடுவரின் தீர்ப்பை ஏற்காமல் பார்வையாளர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கிவிடும்போதெல்லாம், நம் ஊர்க் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு போதாது என்றே பலரும் முடிவு கட்டுகிறார்கள். முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்த நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட், கார்ல்டன் அணிகள் மோதிய ஆஸ்திரேலிய கால்பந்து ஆட்டத்தை (நாம் அறிந்த கால்பந்து அல்ல, பந்தைக் கையிலும் எடுத்து ஆடும் வேறு வகை) நேரில் கண்ட பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

அங்கே அமைதி நிலவியது என்று நினைத்துவிட வேண்டாம். பந்துடன் பிடிபட்ட வீரர் அதை உடனே கைவிடாவிட்டால், அரங்கு முழுவதும் ஒரே குரலாகப் "பால்!" என்று நடுவரை நோக்கி அலறுகிறது, எங்கள் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து எருது விடும் விழாவில்கூட அத்தகைய இரைச்சலை நான் கேட்டதில்லை. என் பக்கத்தில் கருப்பு வெள்ளைக் கோடிட்ட கழுத்துத்துண்டுடன் அமர்ந்திருந்த மூதாட்டி, நடுவரை வைதுகொண்டே எனக்கு விதிகளையும் விளக்கினார். அவருக்கு அடுத்த இருக்கையில் எதிரணி ரசிகர் அமர்ந்திருந்தார். இரு தரப்பையும் பிரிக்கும் வேலி எதுவும் இல்லை.

அவர்கள் நம்மைவிட உயர்ந்தவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். பழங்குடியைச் சேர்ந்த ஆடம் கூட்ஸ் என்ற சிறந்த வீரரை 2015இல் ஆட்டத்துக்கு ஆட்டம் கூச்சலிட்டு அவமதித்தவர்கள் இதே ஆட்டத்தின் ரசிகர்கள்தாம். அவர் அந்த ஆண்டே ஓய்வு பெற்றார், போட்டித் தொடரை நடத்தும் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2019இல்தான்.

வேறுபாடு தீர்ப்பு அறிவிக்கப்படும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே சென்றால் 1 புள்ளி. கோல் நடுவர் இரு சுட்டுவிரல்களையும் நீட்டினால் ஆறு, ஒரு விரலை நீட்டினால் ஒன்று. பிறகு அதே கணக்கில் இரண்டு கொடிகளையோ ஒரு கொடியையோ அசைக்கிறார். மறுமுனையில் நிற்கும் கோல் நடுவரும் கொடியசைத்துப் பதில் தருகிறார். இருவரும் தத்தம் அட்டையில் குறித்துக்கொள்கிறார்கள். கடைசி வரிசையில் இருந்த எனக்கே தீர்ப்பு ஐயமின்றித் தெரிந்தது. தவறே நேராது என்பதில்லை. 2023 ஆகஸ்ட் 19 அன்று அடிலெய்டு அணியின் ஆறு புள்ளி கோல் ஒன்று கம்பத்தில் பட்டதாகத் தவறாகக் கருதப்பட்டு ஒரு புள்ளியாகவே கணக்கிடப்பட்டதால், அவ்வணி ஒரே புள்ளியில் சிட்னியிடம் தோற்றது. ரசிகர்கள் கொதித்தார்கள். முடிவு மாற்றப்படவில்லை, ஆனால் மறுநாளே நிர்வாகத் தலைவர் பிழையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

இனி நம் நிலைமை. இவ்வாண்டு பொங்கலையொட்டிக் குடியாத்தம் அருகே ஒரு கிராமத்தில் நடந்த போட்டியில் நானும் நடுவர்களில் ஒருவன். பாடிச் சென்ற வீரர் போனஸ் கோட்டைத் தாண்டினார். எதிரணியில் குறைந்தது ஆறு பேர் இருந்தால்தான் போனஸ் புள்ளி உண்டு, அப்போது களத்தில் இருந்தவர்களோ ஐவர். எனவே புள்ளி மறுக்கப்பட்டது சரியே. ஆனால் அந்தக் காரணம் எங்கள் மேசையைத் தாண்டிப் போகவில்லை. புள்ளிகள் எழுதிய சிலேட்டு எங்களைப் பார்த்து இருந்தது. ஒலிபெருக்கியோ நன்கொடையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தது. கூட்டம் உள்ளே இறங்கியது, ஆட்டம் நின்றது. கோபப்பட்டவர்களை மறுநாள் எல்லாரும் குறை கூறினார்கள். ஏன் புள்ளி தரவில்லை என்று அவர்களுக்குச் சொல்லாத எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே போட்டி நடத்தும் இளைஞர் மன்றத்தினர் அடுத்த பொங்கலுக்கு முன் சிலவற்றைச் செய்ய வேண்டுகிறேன். புள்ளிப் பலகை மக்களை நோக்கி இருக்கட்டும். நடுவர்கள் விதிநூலில் உள்ள கைச்சைகைகளைத் தேர்வோடு மறந்துவிடாமல் களத்திலும் காட்டட்டும். சிக்கலான தீர்ப்பு வந்தால் அதன் காரணத்தை ஒலிபெருக்கியில் ஒரே வாக்கியத்தில் அறிவிக்கட்டும். நன்கொடையாளர்கள் ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். பிழை நேர்ந்திருந்தால், அன்று மாலைக்குள் நடுவரே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

எண் தகடுகளைத் தொங்கவிடும் பழைய மரப்பலகை ஒன்று என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. தேவைப்படும் ஊரார் எடுத்துச் சென்று, போட்டி முடிந்ததும் திருப்பித் தரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.