ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள்: நீலகிரியில் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் மலைச் சைக்கிள் போட்டி நடத்தும் நண்பர்களுக்கும் வணக்கம்.

குன்னூர்ப் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஹெல்மெட் இல்லாமல் களத்தில் இறங்கக் கூடாது என்று நீங்கள் கண்டிப்பாக இருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. அடிபட்டு விழுந்த பிள்ளையின் தலையிலிருந்து அதை யார், எப்போது, எப்படிக் கழற்றுவது என்பதிலும் அதே கண்டிப்பு வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு பிள்ளை விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். "காத்து வரட்டும், கழட்டுங்கப்பா" என்று ஒருவர் சத்தம் போடுவார். இன்னொருவர் தாடை வாரைக்கூட அவிழ்க்காமல் மேலே இழுப்பார். சோடா வரும். அக்குளில் கைகொடுத்து உட்காரவைப்பார்கள். பிறகு ஜீப்பின் பின்சீட்டில் மடக்கிக் கிடத்தி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கக் குலுங்கக் கூட்டிப் போவார்கள். எல்லாம் நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் கழுத்து முள்ளெலும்பு முறிந்திருந்தால், அந்த ஒரு இழுப்பே தண்டுவடத்தை நசுக்கிவிடலாம். மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்கான நரம்புகள் கழுத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே பலமாக அடிபட்டால் கைகால் மட்டுமல்ல, மூச்சே நின்றுபோகும்.

பேச்சும் மூச்சும் சரியாக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, ஹெல்மெட்டோடு சேர்த்துத் தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடிக்கட்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குடிக்க எதுவும் வேண்டாம். ஈரப் புல்லில் கிடக்கும் உடம்பு சீக்கிரம் விறைத்துப்போகும், கம்பளி போர்த்துங்கள்.

மூச்சு இல்லை, வாந்தி அடைக்கிறது, ஹெல்மெட்டை மீறி வாயையும் மூக்கையும் எட்ட முடியவில்லை என்றால் கழற்றியே ஆக வேண்டும். அங்கே தயங்கினால் உயிர் போய்விடும். ஆனால் இது இரண்டு பேர் வேலை. தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் இருப்பவர் கண்ணாடி இருந்தால் எடுத்துவிட்டு, வாரை அவிழ்க்க வேண்டும் அல்லது வெட்ட வேண்டும். பிறகு ஒரு கையால் தாடையையும், மறு கையைக் கழுத்துக்கு அடியில் விட்டுப் பிடரியையும் தாங்க வேண்டும். இப்போது தலையின் பாரம் முழுக்க இவர் கையில். அதன்பிறகே தலைமாட்டில் இருப்பவர் ஹெல்மெட்டின் பக்கங்களை அகட்டி, மூக்கில் இடிக்காமல் லேசாகச் சாய்த்து, மெதுவாக உருவ வேண்டும். ஹெல்மெட் நகர நகரப் பிடரிக் கையும் மேலேறாவிட்டால், வெளியே வந்த கணத்தில் தலை தொப்பென்று தரையில் விழும். பழகாதவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இணையக் காணொளியைப் பார்த்து அப்படியே செய்யவும் முடியாது. அமெரிக்கக் கால்பந்தில் தோள்கவசம் உடம்பை உயர்த்தி வைத்திருக்கும். ஹெல்மெட்டை மட்டும் எடுத்தால் தலை பின்னால் சாயும். அதனால் எடுத்தால் இரண்டையும் எடு, விட்டால் இரண்டையும் விடு என்பது அங்கே நெடுநாள் வழக்கம். முகக்கம்பியைத்தான் முதலில் அகற்றுவார்கள். நம் கிரிக்கெட் பிள்ளைக்குத் தோள்கவசம் கிடையாது. ஹெல்மெட்டின் பின்பக்கத் தடிமன் தலையை முன்னுக்குத் தள்ளும். ஹாக்கி கோல்கீப்பருக்கு மார்புக்கவசம் உண்டு. சரிவில் இறங்கும் சைக்கிள் வீரருக்கோ வாயையும் மூடிய ஹெல்மெட். உங்கள் மைதானத்தில் எது இருக்கிறதோ அதை வைத்தே பழக வேண்டும்.

ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு பேரை முன்கூட்டியே பெயர் சொல்லி நியமியுங்கள். முதலுதவிப் பெட்டியில் வார் வெட்டும் கத்தரியும், முகக்கம்பித் திருகுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரும் இருக்கட்டும். சிக்னல் கிடைக்காத தோட்டப் பாதையில் பந்தயம் என்றால், 108-க்குச் செய்தி சொல்ல யார் எங்கே நிற்பார் என்பதையும் அன்று காலையே தீர்மானியுங்கள்.

அடுத்த போட்டிக்குத் தேதி குறிக்கும்போது, அதற்கு முன் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கொடுங்கள். நானும் உடன் வேலை செய்பவர்களும் வந்து சொல்லித் தருகிறோம். ஒரு பாயும், நீங்கள் பயன்படுத்தும் ஹெல்மெட்டுகளும் இருந்தால் போதும்.