வலியோடு வருகிறவளிடம் கொஞ்சம் கேளுங்கள்: மகளிர் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 34. வருகிற செவ்வாய்க்கிழமை என் அக்கா மகளை உங்களில் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன். யாரிடம் என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

அவளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். மாதாமாதம் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. அடிவயிற்றில் ஆரம்பிக்கிற வலி இடுப்பைச் சுற்றித் தொடை வரைக்கும் இறங்குகிறது. குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வந்துவிடுகிறது. இது போதாதென்று ஆறு மாதமாகத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எந்நேரமும் அசதி. சித்திரை வெயிலில்கூட “ஃபேனைக் குறைங்க சித்தி, குளிருது” என்றாள். சாப்பாடு குறைந்தும் உடம்பு ஏறுகிறது. அக்கா இதைப் பரீட்சை பயம் என்கிறாள். எனக்குத் தைராய்டாக இருக்குமோ என்று படுகிறது. நான் பட்டிருக்கிறேன், அதனால்தான்.

அவள் வயதில் என்னையும் அம்மா ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். “வீட்டுக்கு விலக்கான நாள்ல துடிச்சுப் போயிர்றா டாக்டரம்மா” என்று அம்மா சொன்னார். அவர் சீட்டிலிருந்து தலை நிமிரவில்லை. “பொம்பளைப் பிள்ளைன்னா வலிக்கத்தான் செய்யும். கல்யாணமாகி ஒரு குழந்தை பிறந்தா சரியாயிரும்.” அவ்வளவுதான். வலி எங்கே, எத்தனை நாள், எவ்வளவு படுகிறது என்று எதுவும் கேட்கவில்லை. 23 வயதில் கல்யாணம் ஆனது. 25-ல் மகன் பிறந்தான். வலி அப்படியேதான் இருந்தது. அதன்பிறகு வேறு இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவர் சத்து மாத்திரை எழுதினார். இன்னொருவர் எடையைக் குறைக்கச் சொன்னார்.

வீட்டில் செய்யாதது இல்லை. வெந்தயத்தை மோரோடு விழுங்கினேன், உளுந்தங்களி சாப்பிட்டேன், சுக்குக் கஷாயம் குடித்தேன், வெந்நீர்ப் பை வைத்தேன். வெந்நீர்ப் பை உண்மையிலேயே கொஞ்சம் கேட்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு கடையில் நிற்க முடியாதே. ஒரு ஆடித் தள்ளுபடியில், மேல் தட்டில் இருந்த மாம்பழ மஞ்சள் சுங்குடியை எடுக்கச் சொன்னார் ஒரு அம்மா. கையைத் தூக்கினேன். ஈரத்துணியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பிழிவதுபோல அடிவயிறு முறுக்கியது. புடவையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்தபடி, முந்தியைப் பிரித்துக் காட்டுங்கள் என்று அவர் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. இருக்கை வந்தது. கூட்டம் நிற்கும்போது அதில் உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் காய்ச்சலுக்காக ஒரு இளம் டாக்டரிடம் போனேன். “உங்க குரல் எப்பவுமே இப்படிக் கரகரன்னுதான் இருக்குமா?” என்று கேட்டார். பிறகு மாதவிடாய் பற்றிக் கேட்டார். எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் படுகிறதா, வலி ரத்தம் வருவதற்கு முன்பே தொடங்குகிறதா. மொத்தமே மூன்று நிமிடம் ஆகியிருக்கும். தைராய்டுக்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை எழுதினார். 4, 5-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 18 இருந்தது. அது ஏறினால் தைராய்டு சுரப்பு குறைவு என்று அர்த்தமாம். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தசைக்குள்ளேயே வளர்ந்திருப்பதும் தெரிந்தது. அடினோமயோசிஸ் என்றார். 14 வருட வலிக்கு அன்றைக்குத்தான் ஒரு பெயர் கிடைத்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பயத்தினால் இல்லை.

எல்லா வலிக்கும் தைராய்டுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தைராய்டு சுரப்பு குறைந்தால் உதிரப்போக்கு அதிகமாகலாம், நாள் தப்பலாம் என்று அவர் விளக்கினார். மாத்திரை ஆரம்பித்த பிறகு எனக்குப் போக்கு குறைந்தது, அசதி போனது. வலி முழுசாகப் போகவில்லை, அதற்குத் தனி வைத்தியம் நடக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் கிடைத்தாரே, அதுதான் பெரிது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும் என்பதும், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதும் எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன். வலி மாத்திரையும் அப்படித்தான். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது, அதனால் வலி தொடங்கும்போதே சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. தாங்க முடியாமல் போன பிறகு, காலிவயிற்றில் இரண்டு இரண்டாகப் போட்டிருக்கிறேன். எங்கள் கடையில் பாதிப் பெண்களின் பர்சில் மெஃபனாமிக் அமிலம் என்கிற வலி மாத்திரை அட்டை இருக்கும். மெடிக்கலில் சீட்டில்லாமலே தருகிறார்கள். அந்த மருந்து அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, உள்ளுறுப்புப் பாதிப்பு வரை கொண்டுபோகிற ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2023 நவம்பரில் மருந்துகளைக் கண்காணிக்கிற மத்திய அரசு அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை எங்கள் பர்ஸ் வரைக்கும் வரவில்லை. நீங்கள் சொன்னால்தான் வரும்.

கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் மட்டுமே உலகத்தில் 19 கோடி பெண்களுக்கு, பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கண்டுபிடிக்கவே பலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது. அந்த வருடங்களில் எத்தனை “கல்யாணமானால் சரியாகிவிடும்” இருந்திருக்கும்?

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வாசலில் நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருத்திதான். தீபாவளி சமயத்தில் எங்களுக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும் “என்ன விசேஷத்துக்கு? யாருக்கு?” என்று கேட்காமல் ஒரு புடவையைக்கூட நாங்கள் எடுத்துப் போடுவதில்லை. கேட்காமல் போட்டால் நாற்பது புடவை பிரித்தும் வியாபாரம் ஆகாது. கேட்பதால் நேரம் மிச்சம்தான் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை அவள் அம்மாவும் கூட வருவாள். இரண்டு நிமிடம் அக்காவையும் என்னையும் வெளியே இருக்கச் சொல்லுங்கள், நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம். உள்ளே சோதித்துப் பார்ப்பார்களோ என்று பிள்ளை பயந்துபோயிருக்கிறாள். வயிற்றின் மேலே வைத்து எடுக்கிற ஸ்கேன்தான் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டி.எஸ்.எச். வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், ஏன் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வோம்.

நான்கு மாதமாக ஒரு சின்ன டைரியில் எழுதி வருகிறாள். எந்தத் தேதி, எத்தனை நாப்கின், வலி எங்கே தொடங்கி எதுவரை போனது, எத்தனை மணிக்கு என்ன மாத்திரை போட்டாள், அன்றைக்கு என்ன பாடம் போனது. கூச்சப்படுகிற பிள்ளை, தானாக எடுத்து நீட்ட மாட்டாள். பையின் முன்பக்க ஜிப்பில் வைத்திருப்பாள். கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய சித்தி,
மதுரை