ஏழு ஞாயிறாக விழுந்த பில்ட்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
சனி இரவு

அன்புள்ள கலை,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடி ஒழுகலும் நின்றுவிட்டது. நீ கொடுத்தனுப்பிய தேன்குழலில் பாதியை மெஸ் அக்காவே முடித்துவிட்டார். நான்கு மாதம் எழுதாமல் இருந்தது என் தப்பு. இப்போது உன்னிடம் சொல்லாமல் தூங்க முடியாத ஒன்று நடந்திருக்கிறது.

பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற நாம் எழுதிய நிரலை, அதாவது நம் மாற்றியை, ஓட்டிய ஒருவர் தன் கோப்புகளை இழந்துவிட்டார்.

நெல்லிக்குப்பத்துக்காரர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று பெண்ணையாற்றங்கரை ஊர்களில் கேட்டு எழுதியதையெல்லாம் பழைய கணினியில் திஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியேற்றத்தில் தட்டிவைத்திருந்தார். 63 கோப்பு. யூனிகோடுக்கு மாற்றலாம் என்று நம் டாக்ஸை, அதாவது தளத்தில் இருக்கும் பயன்பாட்டுக் குறிப்புகளை, திறந்திருக்கிறார். ‘மூலக் கோப்பு அப்படியே இருக்கும், பக்கத்தில் புதுக் கோப்பு உருவாகும்’ என்று அதில் இருந்தது. நம்பி, அத்தனையையும் ஒரே நேரத்தில் ஓட்டிவிட்டார். திஸ்கி என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் தெரியாமல் டேப் என்ற இன்னொரு குறியேற்றத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டிலும் 128க்கு மேற்பட்ட எண்களில்தான் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது வேறு. பொருந்தாத இடமெல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டது. எந்த எழுத்து அப்படிக் கேள்விக்குறியானது என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. ஒரு பென்டிரைவில் இருந்த பிரதியால் 41 தப்பின. 22 போய்விட்டன.

அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “பக்கத்துல அப்படித்தானேம்மா போட்டிருந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

2.0 பதிப்பிலிருந்து நம் மாற்றி, புதுக் கோப்பு உருவாக்காமல் மூலக் கோப்பின் மேலேயே எழுதுகிறது. நிரலை மாற்றிப் பதிந்த அதே கமிட்டில் டாக்ஸின் அந்த வரியையும் நான் திருத்தினேன், நீதான் பார்த்து மெர்ஜ் செய்து பொது நிரலோடு சேர்த்தாய். நிரலும் டாக்ஸும் இருக்கும் ரெப்போவில் இன்றைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. தளத்தில் ஏறவே இல்லை.

சில்வர் பீச்சில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து, “வாரத்துக்கு ஒரு பில்ட் போதும்டி, நாம என்ன தினசரிப் பேப்பரா நடத்துறோம்?” என்று என்னிடம் வாதாடி ஜெயித்தாயே, ரெப்போவில் இருப்பதைத் தளத்துப் பக்கங்களாகக் கட்டும் அந்த பில்டைக் குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரான், ஞாயிறு தவறாமல் அதிகாலை 2 மணிக்கு ஓடியிருக்கிறது. ஓடி, ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறது. சர்வரில் பக்கங்களைக் கட்டித்தரும் ஸ்ஃபிங்க்ஸ் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, அதற்காக நாம் எழுதிய எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல் அதோடு ஒத்துப்போகவில்லை. பில்ட் விழுந்தால் பழைய பக்கங்கள் அப்படியே நிற்கும், படிக்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கிரான் எரரைக் கடிதமாகப் போட்டிருக்கிறது, சர்வருக்குள்ளேயே இருக்கும் அஞ்சல்பெட்டியில். நேற்றுத்தான் திறந்தேன். 7 கடிதம், ஏழும் ‘எக்ஸ்டென்ஷன் எரர்’ என்றே முடிகின்றன. முதல் கடிதம் வந்து 32 நாள் கழித்துத்தான் ஐயா மாற்றியை ஓட்டியிருக்கிறார். 32 நாள், கலை.

தினமும் பில்ட் வைத்திருந்தால் தப்பியிருப்போமா? மாட்டோம். ஏழுக்குப் பதில் நாற்பத்தொன்பது கடிதம் சேர்ந்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு மெர்ஜும் நடந்ததும் பில்ட் தானாக ஓடும்படி வைத்துவிடலாம் என்கிறேன். அப்போது விழுந்தால், மாற்றம் செய்தவர் கணினி முன்னாலேயே இருப்பார், உடனே பார்ப்பார். டாக்ஸைக் கட்டித்தரும் ரீட் த டாக்ஸ் போன்ற தளங்களில், மாற்றத்தை ரெப்போவுக்கு அனுப்பியதும் பில்ட் ஓடுவது வெகுகாலப் பழக்கம். அவ்வளவு பெரிய பைத்தான் ஆவணங்களையே தானாகவே திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். நம்முடையதற்கு ஆறே நிமிடம், அதுவும் தமிழ் பிடிஎஃபையும் சேர்த்து.

நீ அன்று சொன்ன ஒன்று மட்டும் நியாயம். மெயின் என்ற வளர்ச்சிக் கிளையில் வந்ததெல்லாம் உடனே தளத்தில் ஏறினால், இன்னும் வெளியாகாத வசதியை நம்பி ஒருவர் ஏமாறுவார். ஐயாவுக்கு நடந்ததுதான், தலைகீழாக. அதனால் வெளியான பதிப்புக்குத் தனி டாக்ஸ், வளர்ச்சியில் இருப்பதற்குத் தனி டாக்ஸ். வெளியான பதிப்பின் கிளையில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் அதுவும் அன்றே ஏறிவிட வேண்டும், அடுத்த ரிலீஸ் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

இரவில் ஒருமுறை, முன்பு கட்டியதைச் சேமித்திருக்கும் கேஷ் எல்லாம் அழித்துவிட்டு முழு பில்ட். ஸ்ஃபிங்க்ஸ் மாறிய கோப்பை மட்டும்தானே திரும்பப் படிக்கும்? புதுப் பக்கம் சேர்த்தால் பழைய பக்கங்களின் ஓரப் பட்டியலில் அது வராமல் போவதை நீயே பார்த்திருக்கிறாய். யாரும் எதையும் தொடாத வாரத்திலும், கீழே ஏதாவது மாறி பில்ட் உடைந்தால் மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்புகளை மட்டும் இதில் சேர்க்காதே. டாக்ஸை மொழிபெயர்க்கும் பாண்டிச்சேரிப் பிள்ளைகள் ஏற்கெனவே புலம்புகிறார்கள். ஒரு சொல் மாறாவிட்டாலும் தலைப்பில் தேதி மட்டும் மாறி அத்தனை பிஓ கோப்பும் மாறியதாக நிற்கிறதாம். அது ரிலீஸுக்கு ஒருமுறை போதும்.

அப்புறம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பில்ட் ஆன தேதியும் பதிப்பு எண்ணும் இருக்க வேண்டும். பழைய தேதி இருந்தால் திட்டம் செத்துப்போன மாதிரி தெரியும் என்பாய். தெரியட்டும்டி. பக்கத்தில் 1.4 என்றும் தன் கணினியில் 2.0 என்றும் பார்த்திருந்தால், ஐயா ஓட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

எக்ஸ்டென்ஷனைச் சரிசெய்துவிட்டேன், சரியான பக்கம் நேற்று மாலையே ஏறிவிட்டது. மூலக் கோப்பின் மேல் எழுதுவதற்கு முன் மாற்றியே ஒரு பிரதி எடுத்துவைக்கும்படி ஒரு கமிட் போட்டிருக்கிறேன், இன்றே பார். கிரான் கடிதம் நம் இரண்டு பேர் கைப்பேசிக்கும் வர வேண்டும். சர்வர் சாவி உன்னிடம்தான் இருக்கிறது.

போன 22இல் 9 பாட்டு அவருடைய பழைய நோட்டில் பென்சிலில் இருக்கிறதாம். நாளை விட்டு அடுத்த ஞாயிறு காலை பண்ருட்டி பஸ்ஸில் போய் உட்கார்ந்து தட்டிக் கொடுக்கப்போகிறேன். மற்ற 13இல் நான்கைப் பாடிய பாட்டி மேல்பட்டாம்பாக்கத்தில் இன்னும் இருக்கிறாராம், ஐயா அழைத்துப்போகிறேன் என்றார். உன் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அதற்கு முந்தைய நாள் இரவே வந்துவிடு.

உன்,
பூங்கொடி