எழுதும் இடத்தை மட்டும் உள்ளே தள்ளு

அன்புள்ள முரளி,

உன் கடிதமும், புரோகிராம் ஓடும்போது நடப்பதைப் பதிவு செய்ய நீ சி++இல் எழுதி அனுப்பிய லாகர் லைப்ரரியும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடப்பதால் வேளச்சேரியிலிருந்து ஆபீஸ் போய் வருவதற்குள் பாதி தெம்பு போய்விடுகிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உன் சோர்ஸைப் பிரித்துப் படித்தேன்.

இரண்டு திரெட்டுகள் ஒரே நேரத்தில் எழுதி மோதாமல் பூட்டுப் போடுவதைத் தனி பாலிசியாக, அதாவது கழற்றி மாற்றக்கூடிய தனித் துண்டாக, நீ பிரித்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே திரெட்டில் ஓடும் புரோகிராமுக்கான பாலிசியில் லாக், அன்லாக் இரண்டும் காலி ஃபங்ஷன்கள். ஆப்டிமைசேஷன் போட்டு அசெம்பிளியைப் பார்த்தேன். கம்பைலர் இரண்டையும் சுத்தமாகத் துடைத்துவிட்டது, மியூடெக்ஸ் என்ற அந்தப் பூட்டு இருந்த சுவடே இல்லை. பேஸ் கிளாஸாக வைத்திருப்பதால் ஆப்ஜெக்டிலும் அது இடம் பிடிக்கவில்லை. 2001இல் ஆண்ட்ரே அலெக்சாண்ட்ரெஸ்கு தன் லோக்கி லைப்ரரியில், மெமரியைத் தானே விடுவிக்கும் ஸ்மார்ட் பாயிண்டரை ஓனர்ஷிப், கன்வர்ஷன், செக்கிங், ஸ்டோரேஜ் என்று பிரித்துக் காட்டினாரே, அதே வழி. காபி ஸ்ட்ராங்கா லைட்டா என்பதும் சர்க்கரை வேண்டுமா என்பதும் ஒன்றையொன்று தொடாத மாதிரி பாலிசிகளும் இருக்க வேண்டும். உன் பூட்டும், எழுதும் வரியின் வடிவத்தை முடிவு செய்யும் ஃபார்மேட்டும் அப்படியே இருக்கின்றன.

என் கவலை மூன்றாவது பாலிசியான எழுதும் இடத்தைப் பற்றி. ஃபைலா, திரையா, நெட்வொர்க்கா என்பதையும் டெம்ப்ளேட் பாராமீட்டராக, அதாவது கம்பைல் ஆகும்போதே முடிவாகிற ஒன்றாக, ஆக்கியிருக்கிறாய். டெம்ப்ளேட்டில் வைத்ததெல்லாம் டைப்போடு ஒட்டிக்கொள்ளும். ஃபைலுக்கு எழுதும் லாகர் ஒரு டைப், திரைக்கு எழுதுவது வேறு டைப். அப்படியானால் லாகரை வாங்கும் ஃபங்ஷன்களும் டெம்ப்ளேட்டாகி ஹெட்டருக்குப் போகும், எல்லோருடைய பில்ட் நேரமும் ஏறும். பாலிசி எழுதுகிறவர் ஒரு ஃபங்ஷனை விட்டுவிட்டால் வரும் எரர் மெசேஜ் பக்கம் பக்கமாக ஓடும். ஒரு டைப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் சி++20 கான்செப்ட் போட்டுவை, என்ன விட்டுப்போயிற்று என்று அழைத்த இடத்திலேயே சொல்லிவிடும். இதைத் தள்ளிப்போடாதே.

ஸ்டாண்டர்ட் லைப்ரரியே இதில் அடிபட்டிருக்கிறது. நீளம் மாறும் பட்டியலான வெக்டரின் இரண்டாவது பாராமீட்டர், மெமரி எடுத்துக் கொடுக்கும் அலோகேட்டர். அது மாறினால் வெக்டரே வேறு டைப். சாதாரண வெக்டரை ரெஃபரன்ஸாக வாங்கும் ஃபங்ஷனுக்கு அதைக் கொடுக்க முடியாது. சி++17இல் பிஎம்ஆர் (பாலிமார்ஃபிக் மெமரி ரிசோர்ஸ்) வந்தபோது, மெமரி எங்கிருந்து வருகிறது என்ற முடிவை, எதை அழைப்பது என்று ஓடும்போது தீர்மானிக்கும் வர்ச்சுவல் ஃபங்ஷனுக்குப் பின்னால் வைத்து டைப்பை ஒன்றாக்கினார்கள். ஸ்மார்ட் பாயிண்டர்களில் இரண்டு வழியையும் பார்க்கலாம். யூனிக் பாயிண்டரில், ஆப்ஜெக்டை அழிக்கும் டிலீட்டர் டைப்பிலேயே இருக்கிறது, அது காலி கிளாஸானால் வழக்கமாக வெறும் பாயிண்டரின் அளவுதான். ஷேர்ட் பாயிண்டரில் டிலீட்டர், எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று எண்ணி வைக்கும் கண்ட்ரோல் பிளாக்குக்குள் போய்விடுகிறது, எதைக் கொடுத்தாலும் டைப் மாறாது. அந்த பிளாக் எப்படியும் வேண்டும் என்பதால் அங்கே அது நியாயமான செலவு.

உன் லாகருக்கும் இதே கணக்கைப் போடு. பூட்டும் ஃபார்மேட்டும் ஒரு புரோகிராமுக்கு ஒரே தடவை முடிவாகிறவை. ஒரு ஏலியாஸ், அதாவது சுருக்கப் பெயர், எழுதினால் அந்த நீளமான பெயரை வேறெங்கும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. எழுதும் இடம் அப்படியா? டெஸ்டில் மெமரிக்கு எழுத வேண்டும், சர்வரில் ஃபைலுக்கு. ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கும் எழுதக் கேட்பார்கள், கான்ஃபிக் ஃபைலிலிருந்தே மாற்றவும் கேட்பார்கள். கம்பைல் ஆகும்போதே முடிவு செய்துவிட்டால் இதற்கெல்லாம் வழியில்லை. டிஸ்குக்கு எழுதும் நேரத்துக்கு முன்னால் ஒரு வர்ச்சுவல் அழைப்பு எம்மாத்திரம்? அதனால் அதை மட்டும் ஒரு இன்டர்ஃபேஸாக உள்ளே தள்ளிவிடு.

மாற்றியதும் அனுப்பு. எங்கள் டீமில் ஒரு சின்ன சர்வீஸில் போட்டு ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறாய்தானே? டிக்கெட் எடுத்ததும் ரயில் விவரம் எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்