படிக்குக் கீழே உன் சப்பாத்து

அன்புள்ள பிள்ளைக்கு,

இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நலம். உன் நலத்துக்கு ஈஸ்ட்ஹாம் முருகன் துணை. போனில் நீளமாக அனுப்பினால் 'பிறகு வாசிக்கிறேன் அப்பா' என்று சொல்லிவிடுவாய், அதனால் பேப்பரில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருசம் உன்னை ஏற்றி இறக்கினேன். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் ஒன்று. இரவில் வேலை முடிந்தால் நடந்து போகாதே. டாக்ஸி எடு. காசு நான் போடுகிறேன்.

பொங்கலுக்கு நீ வந்து போய் ஐந்து கிழமை. நீ கடைக் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது ஒரு கணம் எனக்கு ஆள் பிடிபடவில்லை. சாம்பல் நிறச் சுவெட்டர், நீல ஜீன்ஸ், வெள்ளை ரெயினர்ஸ். தலைமயிரில் அந்த ஊதாவும் இல்லை, கண்ணில் மையும் இல்லை. அம்மாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. 'இப்பதான் பிள்ளை வடிவா இருக்கிறாள்' என்று பெரியம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொன்னாள். கறுப்பு உடுப்பும் கறுத்த மையுமாகத் திரிகிற அந்தக் கோத் கோலத்தை விடு என்றுதானே 14 வருசமாக நாங்கள் உன்னிடம் கேட்டது. ஆனால் எனக்குப் பொங்கல் தொண்டைக்குள் இறங்கவில்லை. நீ மூன்று நாளும் 'ம்', 'சரி', 'ஒன்றுமில்லை' என்ற மூன்று சொல்லில் கதைத்தாய். ஐப்பசியில் கோத் ஆட்கள் கூடுகிற விட்பி ஊருக்குப் போனால் அந்த 199 படியில் நின்று எடுத்த படம் ஒன்று வரும். நான் பதில் போடாவிட்டாலும் வரும். போன முறை வரவில்லை. தம்பியிடம் கேட்டேன், அவன் 'அக்காவிடமே கேளுங்கோ' என்றான்.

நீ போகும்போது அந்தப் பெட்டியைப் படிக்குக் கீழே வைத்து, 'சாரிட்டிக் கடைக்குக் குடுத்துவிடுங்கோ அப்பா' என்றாய். பிறகு திறந்து பார்த்தேன். உன் டொக்டர் மார்ட்டின்ஸ் சப்பாத்து. செர்ரிச் சிவப்பு. லேஸ் கோர்க்க எட்டுக் கண். அடியைச் சுற்றி மஞ்சள் நூல். இடது குதிப்பக்கம் உள்துணி தேய்ந்து தோல் தெரிகிறது, சின்னனிலிருந்தே நீ அந்தக் காலை அழுத்தித்தான் நடப்பாய். ஊதா லேஸ் ஒன்றின் நுனி பிய்ந்ததில் கறுப்பு நகப்பூச்சு பூசி இறுக்கியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியபிறகு குசினியில் பேப்பர் விரித்து பொலிஷ் போட்டேன். அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் மேலே போய்விட்டாள். கொடுக்கவில்லை பிள்ளை. கோபிக்காதே.

உன்னோடு வாதாடி வெல்வதற்காகவே இந்தச் சப்பாத்தைப் பற்றி நான் படித்தவன். நோர்தாம்ப்டன்சயரில் வொலஸ்டன் என்ற ஊரில் 1960 ஏப்ரல் 1இல் முதல் சோடி வந்தது, அதனால்தான் அதற்கு 1460 என்று பெயர், தபால்காரரும் தொழிற்சாலை ஆட்களும் போட்டு உழைத்தது என்று குசினி மேசையில் வைத்து உனக்குப் பாடம் எடுத்தேன். கிங்ஸ் ரோட் 430ஆம் இலக்கக் கடையில் மல்கம் மக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் பங்க் என்று கிழித்து விற்ற சட்டையைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் கிழித்தது, 1977இலேயே ஸாண்ட்ரா ரோட்ஸ் சேஃப்டி பின் குத்திய உடுப்பைப் பணக்காரப் பெண்களுக்கு விற்றுவிட்டார், இதில் எங்கே கலகம் என்று கேட்டேன். உனக்கு அப்போது 15 வயது. நீ பதிலுக்கு உன் பாட்டுக்காரர் பெயர்களைச் சொன்னாய். நான் விடவில்லை. கடையில் 'கெராங்' என்ற ரொக் பாட்டுப் பத்திரிகை வாங்க வருகிற பெடியளைச் சொன்னேன்: ஐந்து பேர் வந்தால் ஐந்து பேருக்கும் ஒரே கறுப்பு ஹுடி, ஒரே பை, ஒரே பட்டி, நெற்றியில் ஒரே பக்கம் விழுகிற மயிர், கேட்டால் எல்லாரும் தனி ரகம். உங்கள் கூட்டத்தில் ஒருத்தி கடைத்தெருப் பெரிய கடையில் பாட்டுக்குழுப் பெயர் போட்ட ரீசேட் வாங்கிவிட்டாள் என்று இரண்டு மாதம் அவளோடு நீங்கள் கதைக்காமல் இருந்ததையும் இழுத்தேன். 'உன் பள்ளிக்கூட யூனிஃபோர்மில் இதைவிடச் சுதந்திரம் இருக்கு' என்றேன். நீ எழும்பிப் போய்விட்டாய். வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

ஒரேயொரு கதைக்கு மட்டும் நீ சிரித்தாய், ஞாபகமா? சியாட்டில் கதை. 1992 நொவம்பரில் நியூயோர்க் டைம்ஸ், கிரன்ஞ் என்ற சியாட்டில் ரொக் பாட்டுக் கூட்டத்தின் இரகசியச் சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. சப் பொப் இசைத்தட்டுக் கம்பெனியில் முன்பு வேலை செய்த மேகன் ஜாஸ்பர், போனில் கேட்ட நிருபருக்கு வாயில் வந்த சொல்லையெல்லாம் இட்டுக்கட்டிச் சொல்லிவிட்டார். ஒருவரும் பாவிக்காத சொற்கள் அப்படியே அச்சில் வந்தன. அந்தக் காலத்தில்தான் மார்க் ஜேக்கப்ஸ், பெரி எல்லிஸ் கம்பெனிக்காக, சியாட்டில் குளிருக்குப் பழைய உடுப்புக் கடையில் பெடியள் வாங்கிப் போட்ட கட்டம்போட்ட சட்டையைப் பட்டில் செய்து மேடையில் நடக்கவிட்டார். 'கூல்' இல்லாத ஆளுக்கு 'லேம்ஸ்டெயின்' என்று மேகன் சொன்ன சொல்லை வைத்து ஒரு மாதம் தம்பியைக் கூப்பிட்டாய். அந்த மாதம் வீடு நல்லாக இருந்தது.

வாதத்தில் நான் மறைத்தது ஒன்று. 1978இல் எனக்கு 14 வயது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாலு பேர் ஒரே தையற்காரரிடம் ஒரே நாளில் பெல்பாட்டம் தைத்தோம், அடியகலம் 24 அங்குலம். அப்பாச்சி தந்த புத்தகக் காசு அது. பின்னேரம் ஆஸ்பத்திரி வீதியில் நாலு சைக்கிளில் போகும்போது எட்டுக் காலும் ஒன்றாகப் படபடக்கும். சங்கிலிக்குள் சிக்காமல் இருக்க உடுப்பு கொழுவுகிற கவ்வியால் இறுக்கிக்கொள்வோம், சந்தி வந்ததும் கழற்றிவிடுவோம். ஒரு நாள் காலை வணக்கத்தில் வாத்தியார் கத்தரிக்கோலோடு வந்து என் பெல்பாட்டத்தின் இடது காலை முழங்கால்வரை வெட்டினார். மற்ற மூவரும் அன்றைக்கே போய்ச் சுருக்கித் தைத்துக்கொண்டார்கள். வெட்டுப்பட்டதை மறந்துவிட்டேன். அடுத்த நாள் நான் மட்டும் தனியாக அந்த வீதியால் போனது மறக்கவில்லை. ஒரே மாதிரி உடுப்பதில் என்ன ருசி இருக்கிறது என்று தெரிந்தவன் நான். தெரிந்துகொண்டுதான் உனக்கு அதைக் குற்றமாகச் சொன்னேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கன்னம் ஒட்டிப்போய் இருந்தது. அம்மா மிளகாய்த்தூளும் பயத்தம் பணியாரமும் கட்டி வைத்திருக்கிறாள்.

அந்த வெள்ளைப் பவுடர். அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோத் என்றால் முகம் வெளிறித்தான் இருக்க வேண்டும் என்று படத்தில் உள்ளவர்களைப் பார்த்து நீ பூசினாய். உன் நிறத்தில் அது நிற்காது, காதடியில் கோடு தெரியும், குளியலறைத் துவாயெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். அம்மா கத்தினாள். நான், பிள்ளை வெள்ளைக்காரியாகப் பார்க்கிறாளே என்று மனதுக்குள் வெந்தேன். அதே மாதத்தில் நம் கடைத் தட்டில் நிறம் வெளுக்கிற கிரீம் வாங்கி அடுக்கி விற்றவனும் நான்தான். ஒரு சனிக்கிழமை கம்டனிலிருந்து வந்து நீ கனநேரம் முகம் கழுவினாய். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த கிழமை உன் சொந்த நிறத்தில், கறுத்த உதட்டோடும் கறுத்த மையோடும் இறங்கி வந்தாய். அம்மன் விக்கிரகம் மாதிரி இருந்தாய் பிள்ளை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். 'பஸ் காட் எடுத்தாயா' என்று மட்டும் கேட்டேன்.

2007 ஆவணியில் லங்காசயரில் பேகப் என்ற ஊர்ப் பூங்காவில் சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பிள்ளையையும் அவளுடைய காதலனையும் கோத் உடுப்புக்காக அடித்தார்கள். இரண்டு கிழமையில் அவள் செத்துப்போனாள். உனக்கு அப்போது பத்து வயது. அன்றைக்கு வந்த பேப்பர்க் கட்டில் ஒன்றை விற்காமல் எடுத்து வைத்தேன், ஏன் என்று தெரியாது. நாலு வருசம் கழித்து நீ கறுப்பில் வந்து நின்றபோது எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்தப் படம்தான் வந்தது. அந்தத் தாய் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளோடு கதைத்தார். மான்செஸ்டர் பொலிஸ் 2013இல் இப்படியான அடிகளையும் வெறுப்புக் குற்றமாகப் பதியத் தொடங்கியது. நீ லீட்ஸ் போகிறேன் என்றதும் நான் முதலில் வரைபடத்தில் தேடியது பேகப்பைத்தான். மலைக்கு அந்தப் பக்கம் என்று கண்டு அன்று நித்திரை இல்லை. பயம் என்று சொல்லத் தெரியாமல் 'எல்லாரும் ஒரே மாதிரி' என்று நையாண்டி பண்ணிக்கொண்டிருந்தேன். இரவில் டாக்ஸி எடு.

இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் என் இடது விலா நோகும், ஊரில் சைக்கிளால் விழுந்தது என்பேனே, அது பொய். 1986 தை மாதம். நான் இந்த நாட்டுக்கு வந்து நாலு மாதம். பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை முடித்து பார்க்கிங் (Barking) ரோட்டால் நடந்து வந்தேன். மூன்று பேர். மொட்டைத் தலை, மடித்த ஜீன்ஸ், இதே சிவப்புச் சப்பாத்து, வெள்ளை லேஸ். ஒருவனுடைய முகமும் ஞாபகம் இல்லை. மஞ்சள் நூல் ஞாபகம் இருக்கிறது. கண்ணுக்குக் கிட்ட இருந்தது. அம்மாவுக்குக்கூட இது போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

பிறந்தநாள் காசில் நீ இதை வாங்கி வந்து ஹோலில் போட்டுக் காட்டினபோது என் வயிறு கலங்கியது. 'இவ்வளவு காசுக்கு இதா' என்றேன். நீ பொறுமையாக இருந்து விளங்கப்படுத்தினாய். 1969இல் முதல் மொட்டைத்தலை ஸ்கின்ஹெட் பெடியள் ஜமைக்காப் பாட்டுக்கு ஆடினவர்கள், நாஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி பிறகுதான் அவர்களுக்குள் புகுந்தது, அதை எதிர்த்துக் கொவென்ட்ரியில் ஸ்பெஷல்ஸ் குழு கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து பாடினது, வெள்ளை லேஸ் போட்டால் சில ஊரில் இனவெறி அர்த்தம் இருக்கு, அதனால்தான் நான் ஊதா போட்டேன் அப்பா என்றாய். 14 வயதுப் பிள்ளை இவ்வளவு அறிந்துதான் போட்டிருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது. சொன்னால் விலாக் கதையையும் சொல்ல வேண்டும். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இனி, எழுதவே கூடாது என்று வைத்திருந்தது. 2013 கோடை. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் தேர்த் திருவிழாக் காசு சேர்க்க ஒரு பெரியவரோடு நின்றேன். நீங்கள் ஐந்து பேரும் எதிரே வந்தீர்கள். அவர், 'கடைசியா வாறது உங்கட மகள் மாதிரிக் கிடக்கு' என்றார். நான், 'இல்லை, என்ர மகள் ரியூஷனில்' என்றேன். நீ நின்றாய். லேஸ் கட்டுகிறவள் மாதிரிக் குனிந்தாய். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை, எனக்குத் தெரியும். நீ நிமிரும்வரைகூட நிற்காமல் நான் அவரைக் கூட்டிக்கொண்டு அடுத்த கடைக்குள் போய்விட்டேன். அன்று இரவு நீ வழமைபோலச் சாப்பிட்டாய், தம்பியோடு சண்டை பிடித்தாய். கேட்டிருக்காது என்று என்னை ஆற்றிக்கொண்டேன். 12 வருசமாக ஆற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு நீ அந்தச் சுவெட்டரோடு வந்து, கோயிலில் ஆட்களுக்கு நடுவில் என் பக்கத்தில் வந்து நின்று, 'இப்ப சரியா அப்பா?' என்று கேட்டாய். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பிள்ளை, உனக்கே அலுத்து நீயாக விட்டிருந்தால் எனக்குச் சந்தோசம். 28 வயதில் எத்தனையோ மாறும், நானும் பெல்பாட்டத்தோடு இருந்துவிடவில்லை. வேலை இடத்தில் யாரும் சொன்னார்களா, அந்தச் சிநேகிதக் கூட்டம் உன்னையும் இரண்டு மாதம் கதைக்காமல் வைத்திருக்கிறதா, ரோட்டில் ஏதும் நடந்ததா, எனக்குத் தெரியாது. நீ சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்காக விட்டிருந்தாய் என்றால் மட்டும் எனக்குச் சொல். அன்றைக்கு ரோட்டில் நின்றது என் மகள்தான் என்று அந்தப் பெரியவரிடம் போன வெள்ளிக்கிழமை சொன்னேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை கடையைத் தம்பி பார்ப்பான். கிங்ஸ் குரொஸிலிருந்து காலை ரயிலுக்கு ரிக்கெற் எடுத்துவிட்டேன், ஒரு மணித்தியாலம் உன்னோடு இருந்துவிட்டுத் திரும்புவேன், சமைக்க வேண்டாம். பணியாரமும் அந்தப் பெட்டியும் கொண்டு வருகிறேன். வேண்டாம் என்றால் திருப்பிக் கொண்டுவந்து படிக்குக் கீழேயே வைக்கிறேன், கடைக்குக் கொடுக்க மாட்டேன். பிய்ந்த லேஸுக்கு ஊதாவில் புதிது ஒன்று தம்பி இன்டர்நெட்டில் எடுத்துத் தந்தான். எட்டுக் கண்ணுக்கு 140 சென்ரிமீற்றர் என்று போட்டிருந்தது. நீளம் சரிதானே?

அன்புடன்
அப்பா