அரையாண்டு நிறைவும் ஆண்டுவிழா நாடகமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் அறிவியல் கண்காட்சியிலும் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றார்கள். அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் தரப்படும்.

ஆண்டுவிழா நாடகம் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. மூடநம்பிக்கை பற்றிய இந்த நாடகத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எழுதினார்கள். கல்யாண வீட்டில், கணவரை இழந்த அத்தையைச் சகுனம் பார்த்து ஓரமாக நிறுத்துகிறார்கள். மணப்பெண் அவர் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வருகிறாள். கதை இவ்வளவுதான். அத்தையாக நடிக்க இருந்த இரண்டு மாணவிகளை அடுத்தடுத்து வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். பொட்டில்லாமல் வெள்ளைச் சேலையில் நின்றால் பிள்ளையின் பிற்கால வாழ்க்கைக்கு ஆகாது என்பது அவர்கள் பயம். பெண்ணைப் பெற்றவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. நேரில் வந்து சொன்னதையும் மதிக்கிறேன்.

ஆனால் கோயில் திருவிழாவில் விடிய விடிய அரிச்சந்திர மயான காண்டம் பார்ப்பவர்கள் நாம். லோகிதாசன் பாம்பு கடித்துச் சாகிறான், சந்திரமதி மகனைச் சுமந்து சுடுகாட்டுக்குப் போகிறாள். நடித்தவர்கள் காலையில் வேஷத்தைக் கலைத்துவிட்டு அடுத்த ஊர் நாடகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் கதையை ஒருவர் நினைவூட்டினார். சனீஸ்வரன் வேஷத்தோடு விடியற்காலையில் குளத்துக்குப் போன அவரைப் பார்த்து ஒரு கர்ப்பிணி மிரண்டு விபரீதமாகிவிட, அதோடு அவர் நடிப்பை விட்டார் என்பார்கள். அங்கே கெடுதல் செய்தது பயம். வேஷம் போட்டவர் பிறகும் ஏராளமான நாடகங்கள் எழுதினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். அதில் பயின்ற தி.க. சண்முகம், பின்னாளில் நரைத்த மூதாட்டியாக மேடையேறினார். அந்த வேஷம் அவருக்குக் கொடுத்தது 'அவ்வை' என்ற பட்டம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஒத்திகைக்கு வந்த மாணவிக்குக் காய்ச்சல் கண்டதும், "அந்த வேஷத்தால்தான்" என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்டது. அந்தக் குழந்தை அதைப் படித்துவிட்டு அழுதது. இனி இப்படி எழுதுவதை அனுமதிக்க மாட்டேன். கணவரை இழந்து, தனியாக நின்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் நம் பள்ளியில் இருக்கிறார்கள். தினமும் அவர்கள் முகத்தில் விழித்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். அபசகுனம் என்று எழுதியதை அந்தத் தாய்மார்களும் படித்தார்கள்.

நாடகம் நடக்கும். விருப்பமில்லாத யாரையும் நடிக்கக் கட்டாயப்படுத்த மாட்டோம். விலகிய மாணவிகள் இருவரும் பின்பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். வசனப் படி அலுவலகத்தில் இருக்கிறது, படித்துப் பார்த்து உங்கள் கருத்தை என்னிடம் சொல்லுங்கள். ஒத்திகை மாலை 5.15 வரை, அழைத்துப் போக யாராவது வந்துவிடுங்கள்.

அத்தை வேஷத்துக்கு ஒரு மாணவி தானாகவே முன்வந்திருக்கிறாள். அவளுடைய அம்மா தன் சேலையையே துவைத்து, மடித்துக் கொடுத்தனுப்பினார். அவருக்கும், தயக்கத்தை மனம்விட்டுச் சொன்ன பெற்றோருக்கும் என் நன்றி. ஆண்டுவிழாவுக்குக் குடும்பத்தோடு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்